திரையை அகற்றிய பொறியாளர்

பரிசோதனை நாடகம் என்றொரு தொடர் இன்று எங்கும் வழங்குகிறது. மேடையில் விளக்கைச் சற்றே குறைத்து, நடிகர் இருவரைக் கறுப்பு உடையில் நிறுத்தி, பாதிப் பேச்சைப் பேசாமல் விட்டுவிட்டால் அது பரிசோதனை நாடகம். பார்த்தவர்க்கு ஒன்றுமே விளங்கவில்லை என்றால் அது மிகச் சிறந்த பரிசோதனை நாடகம்! நம்மில் பலர் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாள்தோறும் ஆய்வுக்கூடத்தில் நின்று கால் கடுக்கும் எனக்கு இந்தச் சொல் குறித்து ஒரு வழக்கு உண்டு. புதுமையாக எதையாவது செய்துவிட்டால் அது பரிசோதனை ஆகிவிடாது. ஒரு வினையில் பத்துப் பொருள்கள் கலந்து நிற்கின்றன. அவற்றுள் எது இன்றியமையாதது, எது சும்மா உடன் நிற்பது என்று அறிய வேண்டும். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கிறோம். நீக்கிய பின்னும் வினை நடந்தால் அந்தப் பொருள் தேவையில்லை. நின்றுவிட்டால் அதில்தான் உயிர் இருக்கிறது. பொறுமை வேண்டும் வேலை இது. எதிர்பார்த்த விடை வராதபோது, வந்த விடையை ஒளிக்காமல் குறித்துவைக்கும் நேர்மையும் வேண்டும்.

இந்தப் பொருளில் நாடகத்தைப் பரிசோதித்த இந்தியர் ஒருவரைச் சொல் என்று யாரேனும் கேட்டால், பாதல் சர்க்கார் என்று தயங்காமல் சொல்வேன். நாம் படிக்க வந்திருக்கும் இதே கல்கத்தா மாநகரில் 1925 ஜூலை 15-ஆம் நாள் பிறந்தவர். 2011 மே 13-ஆம் நாள் இதே நகரில் மறைந்தவர். 2025-இல் அவருக்கு நூறாண்டு நிறைந்தது. நம் சங்கத்தில் அவர் பெயரைக் கேட்டதும் ஒரு நண்பர், "எந்தச் சர்க்கார்? மத்திய சர்க்காரா, மாநிலச் சர்க்காரா?" என்று கேட்டார். தமிழ்க் காதுக்கு அப்படித்தான் ஒலிக்கும்! ஆனால் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு சர்க்காரிடமிருந்து அவரைப்போல் விலகி நின்றவர் குறைவு. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவர். 2010-இல் பத்மபூஷண் தருவதாக வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாடக உலகைச் சேராதவர்களும் அவரை அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் முழுநேர நாடகக்காரராக வாழ்வைத் தொடங்கியவரல்லர். சிவ்பூர் பொறியியல் கல்லூரியில் சிவில் பொறியியல் பயின்றார். நகரமைப்பு அவருடைய தொழில். 1957 முதல் 1959 வரை லண்டனில் அத்துறையைக் கற்றார்; 1964 முதல் 1967 வரை நைஜீரியாவில் அதே பணி செய்தார். பகலெல்லாம் சாலையும் சாக்கடையும் குடியிருப்பும் எங்கெங்கே அமைய வேண்டும் என்று வரைபடத்தில் கோடு இழுத்துவிட்டு, இரவில் நாடகம் எழுதினார். "எனக்கு அறிவியல் பாடமே சரியாக இருக்கிறது, இதில் நாடகம் வேறா?" என்று சங்க வேலைக்கு அழைக்கும்போதெல்லாம் கைவிரிக்கும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னும் ஒன்று. ஏறத்தாழ அறுபத்தேழு வயதில், 1992-இல், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார் இந்த மனிதர். பேரன் வயதுடையவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறார்! இருபத்துமூன்று வயதில், "இனிமேல் என்ன படிப்பு" என்று சலித்துக்கொள்ளும் என் அறைத் தோழர்களுக்கு இந்தச் செய்தியை நான் அடிக்கடி நினைவூட்டுவது உண்டு. அவர்கள் அதை விரும்புவதில்லை.

அவருக்குப் புகழ் தேடித் தந்தது 'ஏவம் இந்திரஜித்' என்ற நாடகம். 'மேலும் இந்திரஜித்' என்று நாம் சொல்லலாம். 1963-இல் எழுதப்பட்டு 1965-இல் மேடையேறிய இந்நாடகத்தைப் படிக்காத மாணவர் படிக்க வேண்டும். நம்மைப் பற்றியே எழுதியதோ என்ற ஐயம் எழும். ஓர் எழுத்தாளன் நாடகம் எழுத உட்காருகிறான். எழுதப் பொருள் கிடைக்கவில்லை. அரங்கில் அமர்ந்திருப்பவர்களில் நான்கு இளைஞரை மேடைக்கு அழைத்துப் பெயர் கேட்கிறான். அமல், விமல், கமல் என்று மூவர் சொல்கிறார்கள். நான்காமவன் நிர்மல் என்கிறான். அது பொய். அவனுடைய உண்மைப் பெயர் இந்திரஜித். மற்றவரைப்போல் இல்லாதவன் என்று தெரிந்துவிட்டால் என்ன நேருமோ என்ற அச்சத்தில் ஒலியொத்த ஒரு பெயரைச் சொல்லித் தப்பப் பார்க்கிறான். பிறகு கல்லூரி, தேர்வு, வேலைக்கு நேர்முகம், அலுவலகம், திருமணம் என்று சக்கரம் சுழல்கிறது. அமலும் விமலும் கமலும் அதில் ஏறிக்கொள்கிறார்கள். இந்திரஜித்தால் முழுமனத்தோடு ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்து, "மதராஸியா?" என்று கேட்பவரிடம் விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டும் நமக்கு, நிர்மல் என்று பொய் சொன்ன அந்த இளைஞனைப் புரியாமலா போகும்?

இந்நாடகம் இந்தி, மராத்தி, கன்னடம் என்று பல மொழிகளுக்குச் சென்றது. கிரீஷ் கார்னாட் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 'பாக்கி இதிஹாஸ்', 'பாக்லா கோடா' ஆகியவையும் அடுத்தடுத்து வந்தன. 1968-இல் சங்கீத நாடக அகாதமி விருதும் கிடைத்தது. இந்தியாவின் முன்னணி நாடகாசிரியர் நால்வர் ஐவரைச் சொன்னால் அதில் அவர் பெயர் இருக்கும் என்ற நிலை. வயதோ நாற்பத்து மூன்று. வேறொருவராக இருந்திருந்தால் அதே தடத்தில் இன்னும் இருபது நாடகம் எழுதி, மாலைகளை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

இங்கேதான் எனக்கும் அவரைப் போற்றுகிறவர்கள் பலருக்கும் கருத்து வேறுபடுகிறது. அவர்கள் போற்றுவது 1970 வரையுள்ள சர்க்காரை. இந்திரஜித்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதற்குப் பின் அவர் செய்த நாற்பதாண்டு வேலையை, "பிற்காலத்தில் தெரு நாடகத்தில் ஈடுபட்டார்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், ஏதோ முதுமையில் காசிக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல! அந்த ஒரு வரிக்குள் கிடப்பதுதான் அவருடைய பெரிய சாதனை என்பது என் துணிபு.

1967-இல் 'சதாப்தி' என்ற குழுவை அவர் அமைத்தார். முதலில் எல்லாரையும்போல மேடையில்தான் நாடகம் போட்டார்கள். 1969-இல் சோவியத் நாட்டுக்கும் போலந்துக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் செல்லும் வாய்ப்பு வந்தது. போலந்தில் குரோட்டோவ்ஸ்கி என்பவர் அலங்காரமெல்லாம் களைந்து, நடிகனின் உடம்பையும் குரலையும் மட்டுமே நம்பிச் செய்த நாடகத்தை நேரில் கண்டார். 1972-இல் அமெரிக்கா சென்றபோது ரிச்சர்டு ஷெக்னர் முதலியோரின் முயற்சிகளையும் அறிந்தார். வெளிநாடு போய் வந்ததால்தான் அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. கணக்குப் போடத் தெரிந்த ஒரு பொறியாளர் கல்கத்தாவில் நாடகம் நடத்தினால், எந்த நாட்டுக்கும் போகாமலே அந்த முடிவுக்கு வந்திருப்பார்.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். அரங்குக்கு வாடகை. காட்சித் திரைகளுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் செலவு. விளக்கு, ஒலிபெருக்கி, உடை, ஒப்பனை. இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும்; பணத்துக்கு நுழைவுச் சீட்டு விற்க வேண்டும்; சீட்டு விற்க வேண்டுமானால் சீட்டு வாங்கக்கூடியவர்களுக்குப் பிடித்த நாடகத்தைப் போட வேண்டும். மேடையில் உழவனின் துயரம் நடக்கிறது. உழவன் உள்ளே வர முடியாது. சரி, இத்தனை செலவு செய்து என்ன பெறுகிறோம்? நிஜம்போன்ற ஒரு மயக்கம். அந்த மயக்கத்தைச் சினிமா இதைவிடப் பன்மடங்கு சிறப்பாகத் தந்துவிடுகிறதே! நிஜமான இரயிலையே காட்டும் சினிமாவோடு அட்டை இரயிலை வைத்துக்கொண்டு நாடகம் போட்டியிட்டு வெல்லுமா? சினிமாவால் தரவே முடியாதது ஒன்று நாடகத்திடம் இருக்கிறது. உயிருள்ள மனிதன் உயிருள்ள மனிதன் முன்னால், அதே நேரத்தில், அதே இடத்தில் நிற்கிறான். அந்த ஒன்றையோ நாம் உயரமான மேடையாலும் கண்கூசும் விளக்காலும் பார்வையாளரை இருட்டில் தள்ளுவதாலும் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நீக்கத் தொடங்கினார். 1971-இல் 'சகினா மஹாதோ' நாடகத்தை மேடையை விட்டுத் தரைக்கு இறக்கினார். 1972-இல் ஹோவர்டு பாஸ்டின் நாவலைத் தழுவிய 'ஸ்பார்ட்டகஸ்' ஓர் அறைக்குள் நடந்தது. இதற்கு 'அங்கன மஞ்சம்' என்று பெயர். முற்ற மேடை என்று தமிழில் சொல்லலாம். ரோமாபுரி மாளிகையும் இல்லை, தங்கக் கவசமும் இல்லை. பார்வையாளர் இருக்கைகள் அங்கங்கே கிடக்க, அவற்றின் இடையே அடிமைகள் மூச்சிரைக்க ஓடினார்கள், விழுந்தார்கள். ஒரு நடிகனின் வியர்வை நம் மேல் தெறிக்கும் தொலைவு. திரை போயிற்று, காட்சி அமைப்பு போயிற்று, ஒப்பனை போயிற்று. நாடகம் நின்றுவிட்டதா? இல்லை.

அடுத்து அறையையும் நீக்கினார். எஸ்பிளனேடு பக்கம் போகும்போது டிராம்கள் திரும்பும் இடத்தருகே நாம் காணும் பூங்காவுக்கு அந்நாளில் கர்சன் பூங்கா என்று பெயர். இன்று சுரேந்திரநாத் பூங்கா. அங்கே சனிக்கிழமை மாலைகளில் புல்வெளியில் நாடகம் நடத்தினார்கள். கட்டணம் இல்லை. முடிந்ததும் ஒரு துணியை விரிப்பார்கள். மனமிருப்பவர் காசு போடலாம். கடலை விற்பவனும் நின்று பார்த்தான், அலுவலகம் விட்டுப் போகிறவரும் பார்த்தார். அது எளிய காலமன்று. 1974 ஜூலையில் அதே பூங்காவில் போலீசாரின் தாக்குதலில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதன் பிறகும் நாடகம் தொடர்ந்தது.

'மிச்சில்', அதாவது 'ஊர்வலம்', 1974-இல் வந்தது. இதில் கதையையும் கதாநாயகனையும்கூட நீக்கிவிட்டார் என்று சொல்ல வேண்டும். கோகா என்ற இளைஞன் கொல்லப்படுகிறான். நேற்றும் கொல்லப்பட்டான், இன்றும் கொல்லப்படுகிறான், நாளையும் கொல்லப்படுவான். யாரும் கொல்லப்படவில்லை, அமைதியாகக் கலைந்து செல்லுங்கள் என்கிறது காவல். வீட்டுக்குப் போகும் உண்மையான வழியைத் தேடி ஒரு கிழவர் அலைகிறார். பஜனை ஊர்வலம், அரசியல் ஊர்வலம், வேலையற்றோர் ஊர்வலம் என்று நகரத்து ஊர்வலங்களெல்லாம் நம்மைச் சுற்றியும் ஊடாகவும் செல்கின்றன. இறுதியில் நடிகர்கள் பார்வையாளரின் கையைப் பற்றித் தங்களோடு நடக்க அழைக்கிறார்கள்.

'போமா' நாடகத்தை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். 1976-இல் வந்தது. போமா என்பவன் சுந்தரவனப் பகுதியைச் சேர்ந்த ஏழை உழவன். காடு திருத்தி நிலமாக்கியவர்களில் ஒருவன். நாடகம் முழுவதும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அவன் வருவதே இல்லை. பாசன நீர் ஏன் அவன் நிலத்துக்கு வரவில்லை, அவன் விளைத்த சோற்றைத் தின்று நகரம் எப்படி வளர்கிறது என்று துண்டுத் துண்டாகச் செய்திகள் வருகின்றன. நகரத்துப் படித்த நடிகர்கள் போமாவின் வேடத்தைப் போட்டு அழுதிருந்தால் அது எளிது. அவன் இல்லாத இடத்தைக் காட்டிவிட்டு, அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பது கடினம். கடினமானதையே அவர் செய்தார். பின்னர் 1980-களில் நடிகர்கள் கூட்டமாகக் கிளம்பி, ஊர் ஊராக நடந்து சென்று, ஊரார் தந்த இடத்தில் தங்கி நாடகம் காட்டும் 'பரிக்கிரமா' என்னும் வழக்கத்தையும் மேற்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் 'மூன்றாம் அரங்கு' என்று அவர் பெயரிட்டார். கிராமத்தின் கூத்து முதல் அரங்கு. ஆங்கிலேயரிடமிருந்து நகரம் எடுத்துக்கொண்ட மேடை நாடகம் இரண்டாவது. முதலாவதற்கு உயிர்த் தொடர்பு உண்டு, கருத்து பழையது. இரண்டாவதற்குக் கருத்து புதியது, உயிர்த் தொடர்பு இல்லை. இரண்டின் வலிமையையும் எடுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைக் காண வேண்டும் என்பது அவர் எண்ணம்.

செஞ்சிச் சீமையில் பிறந்த எனக்கு இந்த இடத்தில் ஒரு பெருமிதம் வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து நடக்கும்போது இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதுதான் திரை. மூன்று பக்கமும் சனம். கட்டியங்காரன் நம்மிடமே பேசுவான். நம் ஊர் நாட்டாண்மையையே கிண்டல் செய்வான். விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்துக்கு நுழைவுச் சீட்டு யார் வாங்கினார்கள்? ஆனால் பெருமிதத்தோடு ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துரியோதனனை நூறாண்டுகளாகப் படுகளத்தில் வீழ்த்திக்கொண்டே இருக்கிறோம். களத்து மேட்டில் நின்று கூலி கேட்டவன் கதை அதே கூத்தில் எத்தனை முறை வந்தது? சர்க்கார் முதல் அரங்கைப் பற்றிச் சொன்ன குறை பொய்யன்று.

தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் நேரான உறவே உண்டு என்பதை நம்மில் பலர் அறியார். 1980-இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் ஒரு நாடகப் பயிற்சி முகாம் நடத்தினார். தமிழில் அதற்குப் பின் எழுந்த வீதி நாடக முயற்சிகளில் அந்த முகாமின் தடம் உண்டு. ஞாநியின் 'பரீக்ஷா' குழு சர்க்காரின் நாடகங்களைத் தமிழில் நடித்தது. கல்கத்தாவிலிருந்து ஒரு வங்காளி சென்னைக்குப் போய்த் தமிழருக்கு நாடகம் பயிற்றினார். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு வந்திருக்கும் நாமோ இங்கே அவர் பெயரைக்கூட உச்சரிக்காமல், நம் சங்க விழாவுக்கு ஊரிலிருந்து ஒலிநாடா வரவழைத்துக் கொண்டிருந்தோம்!

அவரிடம் எனக்குக் குறையே தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏழைகளைப் பற்றி ஏழைகள் நடுவே நாடகம் போட்டவர்கள் பெரும்பாலும் படித்த நடுத்தர வகுப்பினர்தாம். வேலை முடிந்து வந்து, ஊதியம் இன்றி நடித்தவர்கள். அவர்கள் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் போமாவே எழுதிய நாடகம் வரவில்லையே! இன்னொன்று: எல்லாவற்றையும் நீக்கிக்கொண்டே போகும்போது சிரிப்பும் சில வேளை நீங்கிவிடுகிறது. இளமையில் வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும் நாடகங்களை எழுதியவர் அவர். பிற்கால நாடகங்களில் அந்தக் குறும்பு அங்கங்கே மின்னுகிறதே தவிர, நிலைத்து நிற்கவில்லை. மேலும், மேடையை அவர் வெறுத்த அளவுக்கு நான் வெறுக்கவில்லை. 'ஏவம் இந்திரஜித்' மேடைக்கு எழுதப்பட்ட நாடகம்தானே? இன்றும் அதை மேடையில் பார்த்து நெஞ்சு கனத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனை ஒரு பொருளைத் தேவையற்றது என்று காட்டிவிட்டால், அது தீயது என்று பொருளாகாது. காசு இருப்பவன் திரை கட்டிக்கொள்ளட்டும். திரைக்குக் காசில்லை என்பதற்காக நாடகத்தையே கைவிடாதே என்பதுதான் நான் அவரிடம் கற்றுக்கொண்டது.

இப்போது நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். இவ்வாண்டு விழாவில் நாடகம் வேண்டாம் என்று நம் செயற்குழுவில் ஒரு பேச்சு எழுந்திருப்பது உங்களுக்குத் தெரியும். அரங்க வாடகை ஏறிவிட்டது. உறுப்பினர் சந்தா ஏறவில்லை. சென்ற ஆண்டுக் கணக்கைப் பொருளாளர் படித்தபோது நீங்களும் கேட்டீர்கள். நாடகத்துக்கு ஆன செலவில் முக்கால் பங்குக்கு மேல் அரங்குக்கும் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் வாடகை உடைக்கும் போயிற்று. அத்தனையும் செய்து யார் பார்த்தார்கள்? நாமும், நமக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவும். அதற்குப் பதிலாகச் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைத்துக்கொள்வோம், அல்லது வெண்திரையில் ஒரு படம் காட்டுவோம் என்கிறார்கள் நண்பர்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்கைப் பார்த்துச் சொல்கிறார்கள். கணக்குச் சரி. கணக்கிலிருந்து எடுத்த முடிவு சரியல்ல என்பது என் வாதம். அரங்குக்கு வழியில்லை என்றால் நீக்க வேண்டியது அரங்கை; நாடகத்தையா நீக்குவது?

நம் விடுதிக்குப் பின்னால் அரசமரத்தடியில் ஒரு முற்றம் கிடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அங்கே நிழல் இருக்கும், வெளிச்சமும் இருக்கும். வாடகை கிடையாது. விடுதிச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் அந்நேரத்தில் ஓய்ந்து அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று வேளை சோறு போடுகிற அவர்கள் நம் விழாவுக்கு இதுவரை ஒரு முறையும் வந்ததில்லை. நாம் அழைத்ததும் இல்லை.

"அவர்களுக்குத் தமிழ் தெரியாதே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழ்ச் சங்கம் தமிழில்தான் நாடகம் போட வேண்டும். அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கோகா கொல்லப்படுவதைக் காட்டச் சொல் எத்தனை வேண்டும்? 'மிச்சில்' நாடகத்தின் பெரும்பகுதி நடையிலும் ஓட்டத்திலும் விழுவதிலும் எழுவதிலும் இருக்கிறது. பேச்சு தமிழில் இருக்கட்டும். இடையிடையே வரும் கூவல்களும் முழக்கங்களும் வங்காளத்திலேயே இருக்கட்டும். இந்நகரத்து ஊர்வலத்தில் தமிழும் வங்காளமும் கலந்துதானே ஒலிக்கும்! நம்மில் வங்காளம் படிக்கத் தெரிந்தவர் நால்வர் உண்டு. மூல நூலை வைத்துக்கொண்டு, உரியவர்களிடம் இசைவு பெற்று, ஒரு மாதத்தில் தமிழாக்கிவிடலாம்.

எளிது என்று எண்ணி யாரும் வந்துவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரை இருந்தால் வசனம் மறந்தவன் அதன் பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பதைக் கேட்டுக்கொள்ளலாம். ஒலிபெருக்கி இருந்தால் முணுமுணுத்தாலும் கேட்கும். முற்றத்தில் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நான்கு பக்கமும் கண்கள். முதுகும் நடிக்க வேண்டும். விழாவுக்கு முந்திய மூன்று இரவுகளில் ஒத்திகை பார்த்து ஒப்பேற்றும் நம் வழக்கம் இதற்கு உதவாது. இரண்டு மாதம், வாரத்துக்கு நான்கு மாலை, மூச்சுப் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும். பணத்தில் மிச்சமாவதை உழைப்பில் கொடுத்தே ஆக வேண்டும்.

அடுத்த செயற்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். கச்சேரிதான் வேண்டும் என்று பெரும்பான்மையோர் கருதினால் கச்சேரி நடக்கட்டும். அதற்கு முந்திய நாள் மாலை முற்றத்தை மட்டும் எங்களுக்கு விட்டுவிடுங்கள், சங்க நிதியிலிருந்து ஒரு காசும் கேட்க மாட்டோம். இதுவரை ஐவர் சேர்ந்திருக்கிறோம். அவர்களில் இருவர் பொறியியல், ஒருவர் தாவரவியல், ஒருவர் வரலாறு. ஒருவர்கூட முன்பு நடித்தவரல்லர். இன்னும் எட்டுப் பேராவது வேண்டும், பெண்களும் வேண்டும். கிழவர் வேடத்துக்கு நல்ல குரலும் நீண்ட நடைக்குத் தாங்கும் காலும் உடைய ஒருவர் கிடைத்தால் உடனே தொடங்கிவிடலாம். விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அரசமரத்தடிக்கு வாருங்கள். உட்கார நாற்காலி இராது. விரித்துக்கொள்ள ஒரு துண்டு கொண்டுவருவது நல்லது.